தோட்டம் படிக்கப் போறவ

கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்றால் அங்கே பூவும் இருக்காது, காயும் இருக்காது. தெருவிலிருந்து ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய ஒழுங்கை. அதன் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள். நடுவில் ஒரு பைப். கடைசியில் வரிசையாகக் கக்கூஸ்கள். எந்தக் காலத்திலோ யாரோ ஒரு துரைக்கு அந்த இடத்தில் தென்னந்தோப்போ கறுவாப்பட்டைத் தோட்டமோ இருந்திருக்க வேண்டும். மரங்கள் போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. அங்கே குடியிருப்பவர்கள் முகவரி எழுதும்போது தோட்டத்தின் பெயரை எழுதமாட்டார்கள். தெருவின் பெயரை எழுதி, ஒரு இலக்கம் போட்டு, சாய்வாக ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் இன்னொரு இலக்கம் போடுவார்கள். அந்தக் கோட்டைப் பார்த்ததும் கந்தோர் உத்தியோகத்தர்களுக்கு விஷயம் விளங்கிவிடும்.

பேர்ணடெற் அப்படி ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அங்கேயே கலியாணம் முடித்து, மகள் ஐறீனையும் அங்கேயே பெற்றாள். கணவர் வலன்ரைன் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலின் வயிற்றிலிருந்து கிரேனில் ஏறிவரும் மூட்டைகளை எண்ணிப் பதிவது அவருடைய வேலை. அந்த வேலை நிரந்தரமான அன்றைக்கு அவள் அவரிடம் சங்கிலி கேட்கவில்லை. கோடில்லாத இலக்கத்தில் ஒரு வீடு கேட்டாள்.

சென் லூசியாஸ் கோயில் மணி கேட்கிற தூரத்தில், இரண்டு அறையும் சீமெந்து முற்றமும் உள்ள வாடகை வீடு ஒன்று அகப்பட்டது. முற்றத்து மூலையில் சொந்தப் பைப். குடிபோன அன்று அவள் அதைத் திறந்து ஒரு வாளி நிறையப் பிடித்தாள், கொட்டினாள், திரும்பவும் பிடித்தாள். பின்னால் நின்று ஒருவரும் கத்தவில்லை. அதற்குப் பிறகு தோட்டம் என்ற சொல்லை அந்த வீட்டில் அவளும் எடுக்கவில்லை, மற்றவர்களை எடுக்கவும் விடவில்லை. குரலையும் இறக்கிக்கொண்டாள். கோயிலில் பக்கத்து வாங்கிலில் இருப்பவர்களோடு கன்னியாஸ்திரி மாதிரிக் கதைக்கப் பழகினாள்.

ஐறீனுக்கு அப்போது சின்ன வயது. தோட்டத்து நினைவு என்று அவளிடம் மிஞ்சியிருந்தது வாளிகள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம் மட்டும்தான்.

*

பாண் ரொட்டிக்கும் வரிசை, சீனிக்கும் வரிசை என்று நாடே நின்றுகொண்டிருந்த காலம் அது. வெறும் நிலம் கண்ட இடமெல்லாம் மரவள்ளி நடச் சொல்லி அரசாங்கம் ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தது. கொன்வென்ட் விளையாட்டுத் திடலின் ஓரத்தில்கூட மரவள்ளித் தடிகள் நின்றன. ஒரு சனிக்கிழமை மத்தியானம், குசினி வாசலில் பலகைக்கட்டையில் குந்தியிருந்து பேர்ணடெற் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது தபால் வந்தது. ஐறீன் முன்கதவடியிலேயே அதைப் பிரித்துப் படித்துவிட்டு ஓடிவந்தாள்.

நேர்முகப் பரீட்சைக்குப் போயிருந்த கண்டிப் பக்கத்துப் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. இரண்டு வருட டிப்ளோமா. விடுதி உண்டு. தமிழில் படிக்கலாம். முடித்தால் அரசாங்க நாற்று நிலையங்களிலோ வனத் திணைக்களத்திலோ உத்தியோகம்.

"என்ன டிப்ளோமா?" என்று தாய் கேட்டாள். உண்மையிலேயே அவளுக்கு மறந்துபோயிருந்தது. கிடைக்காது என்று நினைத்ததை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

"தோட்டக்கலையும் காட்டியலும், மம்மி."

கத்தி கிழங்கிலேயே நின்றது.

"தோட்டத்தில இருந்து வெளியில வாறதுக்கு நான் பட்ட பாடு அந்தோனியாருக்குத் தெரியும்," என்றாள் பேர்ணடெற், வழக்கமான தாழ்ந்த குரலில். "தோட்டத்தில இருந்து வந்த பிள்ளை திரும்பத் தோட்டத்துக்குப் போறதா?"

"இது அந்தத் தோட்டம் இல்ல மம்மி."

"எந்தத் தோட்டமா இருந்தா என்ன? இங்க தோட்டமெண்டா ஒண்டு நினைப்பாங்க. கண்டிப் பக்கத் தோட்டமெண்டா தேயிலைக் கூடை எண்டு நினைப்பாங்க. மூணாவதா ஒரு நினைப்பு இந்தக் கொட்டாஞ்சேனையில ஒருத்தருக்கும் வராது."

வலன்ரைன் காலை வேலை முடிந்து வந்து பெனியனோடு தினசரியை வைத்து விசிறிக்கொண்டிருந்தார். "கிடைச்சாப் பார்ப்பம் எண்டு நீதானே சொன்ன, பேர்ணி," என்று மெதுவாக ஞாபகப்படுத்தினார்.

"கிடைக்காதெண்டு நினைச்சுச் சொன்னது அது."

அவள் திரும்பக் கத்தியை எடுத்தாள். கிழங்கின் நடு நாரை உருவி எறிந்துவிட்டு, மஞ்சள் போட்டு அவியவைத்தாள். மாசிச் சம்பல் இடித்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். கிழங்கு நன்றாக மா மாதிரி அவிந்திருந்தது.

*

ஐறீன் கெட்டிக்காரி. உயிரியல் படித்துப் பரீட்சையில் நன்றாகவே செய்திருந்தாள். ஆனால் கொழும்புப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போக வேண்டிய புள்ளிக்கு அவளுடையது கொஞ்சம் குறைந்துவிட்டது. வேறு மாவட்டத்தில் பிறந்திருந்தால் போயிருப்பாள் என்று ரீச்சர்மார் சொன்னார்கள். அதைக் கேட்டு என்ன செய்வது? தாயின் திட்டம் துறைமுகக் கந்தோர். மின்விசிறியும் டைப்ரைட்டரும் உள்ள மேசை, கசங்காத சாரி, மாதம் முடிய சம்பளம், பிறகு கோயிலில் மூன்று முறை அறிக்கை வாசித்து ஒரு நல்ல கலியாணம். இதில் எங்கும் சேறு இல்லை.

சேறு ஐறீனிடம் வந்து சேர்ந்தது தகப்பனின் காற்சட்டை வழியாக. அந்தக் காலத்துக் காற்சட்டைக்குக் கணுக்காலடியில் மடிப்பு உண்டு. கப்பலின் அடித்தட்டில் நின்று வருகிறவருக்கு அந்த மடிப்புக்குள் கோதுமை, கடலை, சோளம், செத்தல் மிளகாய் விதை என்று கப்பலுக்குத் தக்கபடி ஏதாவது இருக்கும். தோய்க்க முன் அதை உதறுவது பேர்ணடெற்றின் வேலை. உதறியதைப் பொறுக்குவது ஐறீனின் வேலையாகிவிட்டது. பால்மா டின்களில் துளை போட்டு, சந்தை வாசலில் கழித்து எறிந்த மரக்கறியை உக்கவைத்து மண்ணாக்கி, அவள் ஒவ்வொன்றையும் ஊன்றினாள். எந்த நாடென்று தெரியாத ஒரு விதை சுவர் உயரத்துக்கு வளர்ந்து சின்ன மஞ்சள் பூப் பூத்தது. தெருவில் ஒருவருக்கும் அதன் பெயர் தெரியவில்லை. பக்கத்து வீட்டு நளீபா வாடிப்போன மாதுளஞ்செடியைச் சாடியோடு கொண்டுவந்து கொடுத்து, "பார்த்துக் குடுங்க மகள்," என்று விட்டுப்போவாள், ஆஸ்பத்திரியில் விடுவது மாதிரி. பிழைக்கவைத்ததும் உண்டு, சாகடித்ததும் உண்டு. ஏன் செத்தது என்று தெரியாதபோதுதான் அவளுக்கு நித்திரை வராது. அதைச் சொல்லித் தரும் இடம் ஒன்று இருக்கிறதென்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு மற்ற எல்லாம் மங்கிப்போயிற்று.

நேர்முகப் பரீட்சைக்கு அவளைக் கூட்டிப்போனவர் வலன்ரைன்தான். உள்ளே நடந்ததைத் திரும்பிவரும் ரயிலில் அவள் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் காணி இருக்கிறதா என்று கேட்டாராம். இல்லை, டின் இருக்கிறது என்றாளாம். விதை எங்கே வாங்குவது என்று கேட்டாராம். டடியின் காற்சட்டையில் என்றாளாம். அதற்குப் பிறகு அவர் பேனையை மூடிவைத்துவிட்டுக் கதை கேட்க ஆரம்பித்தாராம்.

இந்தக் கதையை வலன்ரைன் மனைவியிடம் சொல்லப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. இடம் வேண்டும் என்று பள்ளிக்கு மாத முடிவுக்குள் அறிவிக்க வேண்டும். துறைமுகக் கந்தோரிலும் ஒரு பெண் எழுதுநருக்கான இடம் காலியாகி, அதே கிழமையில் நிரப்பப்பட இருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்பதில் பெரிய கிளார்க் சவுந்தரநாயகத்தின் சொல் எடுபடும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் அவருடைய வீட்டுக்குக் குடும்பமாகப் போய்க் கேட்பதென்று பேர்ணடெற் முடிவு செய்தாள்.

ஐறீன் ஒரு முறைதான் வாய் திறந்தாள். முற்றத்தில் உடுப்புக் காயப்போடும்போது, "நான் போகல்லண்டா அந்த இடம் வேற ஆளுக்குப் போயிரும், மம்மி," என்றாள்.

"போகட்டுமே. அந்தப் பிள்ளைக்கு அம்மா இல்லையாக்கும்."

அந்தக் கிழமை முழுவதும் ஐறீன் டின்களுக்கு ஒழுங்காகத் தண்ணீர் விட்டாள். மற்ற நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பேர்ணடெற் அதைக் கண்டும் காணாதவள்போல் நடமாடினாள். மகள் கறியைத் தட்டில் ஒதுக்கியபோது மட்டும் அவளுடைய கை ஒரு கணம் அகப்பையோடு நின்றது.

*

ஞாயிறு காலைப் பூசை முடிந்த கையோடு, ஒரு சீப்புக் கோழிக்கூட்டு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். பேர்ணடெற் கலியாணத்துக்கு உடுக்கும் நீலச் சாரி உடுத்திருந்தாள். காலி வீதியில் இறங்கி, கடலை நோக்கிப் போகும் ஒரு ஒழுங்கையில் பாதி தூரம் நடந்தால் சவுந்தரநாயகத்தின் வீடு. கேற்றுக்குள்ளே ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு தேசி எலுமிச்சை. தேசியிலை சுருண்டிருப்பதை ஐறீன் நின்று பார்த்தாள். தாய் முழங்கையால் இடித்தாள்.

சவுந்தரநாயகம் வேட்டியோடு கதிரையில் இருந்தார். கந்தோரில் இருப்பதைவிடச் சின்ன ஆளாகத் தெரிந்தார். வலன்ரைன் "சேர்" என்று தொடங்கி விஷயத்தைச் சொல்லி முடிக்க முன்னமே அவர் தலையாட்டினார். பிள்ளையின் பெறுபேறு போதும், நாளைக்கே ஒரு சொல் சொல்லிவிடுகிறேன், பயப்படத் தேவையில்லை என்றார். அவ்வளவுதான். வந்த காரியம் தேத்தண்ணி வர முதலே முடிந்துவிட்டது. பேர்ணடெற்றின் தோள் இறங்கியது. ஐறீன் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருடைய மனைவி கனகேஸ்வரி தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்தாள். நல்ல உயரம், நெற்றியில் திருநீறு, கழுத்தில் கனமான தாலிக்கொடி. வந்தவர்களோடு ஏதாவது கதைக்க வேண்டுமே என்று, கணவன் முன்பு சொன்னதை நினைவில் வைத்துக் கேட்டாள்.

"பிள்ளைக்குத் தோட்டம் படிக்கிறதிலதான் விருப்பமெண்டு இவர் சொன்னவர். உங்கட ஆக்களும் தோட்டமோ?"

பேர்ணடெற் கோப்பையை வாயிலிருந்து எடுத்தாள். இத்தனை காலம் பொத்தி வைத்ததைக் கணவர் கந்தோரில் கொட்டிவிட்டார் என்று நினைத்தாள். வலன்ரைனைப் பார்த்தாள். அவர் வடையைப் பார்த்தார். இனி மறைத்து என்ன?

"ஓம். தோட்டந்தான்," என்றாள். "அங்கதான் பிறந்தனான். அதுக்கென்ன?"

"அதுக்கென்ன, நல்லதுதானே. எங்கட ஐயாவும் தோட்டந்தான். நாங்கள் ஆறு பேரும் வளர்ந்தது தோட்டத்தாலதான்."

பேர்ணடெற் அந்தத் தாலிக்கொடியை, கண்ணாடி அலுமாரியை, அதற்குள் அடுக்கியிருந்த பீங்கான்களை ஒருமுறை பார்த்தாள்.

"நீங்களுமா? எங்க?"

"கோப்பாயில."

"யாழ்ப்பாணத்திலயும் தோட்டம் இருக்கா?"

"இருக்கோவோ? அங்கை வேறை என்ன இருக்கு?" என்று கனகேஸ்வரி சிரித்தாள்.

பேர்ணடெற் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் நகர்ந்து இருந்தாள். ஒரு தோட்டத்து ஆள் இன்னொரு தோட்டத்து ஆளிடம் முதலில் கேட்பதைக் கேட்டாள். "தண்ணி எப்பிடி?"

"தண்ணிதானே கரைச்சல். கிணறு ஒண்டு, பங்குக்காரர் கனபேர். முறைக்குத்தான் எடுக்கலாம்."

"எங்களுக்கு ஒரு பைப். முழுத் தோட்டத்துக்கும் ஒண்டு."

"பைப்போ? அப்ப சுகமெல்லோ. எங்களுக்குத் துலா மிதிச்சு இறைக்கோணும்."

"என்ன சுகம்? விடிய முதல் வாளியைக் கொண்டுபோய் வைச்சு இடம் பிடிக்கோணும். கொஞ்சம் கண் அயர்ந்தாச் சரி, வாளியைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டிருவாளுகள்."

"அங்கையும் அதே கூத்துத்தான். முறையை மாத்திப்போட்டாரெண்டு ஐயா தன்ர கூடப்பிறந்த தமையனோட கனகாலம் கதைக்கேல்லை. நல்லது கெட்டதுக்கும் போகேல்லை."

"கூடப்பிறந்தது தண்ணிக்கு முன்னால எங்க?" என்றாள் பேர்ணடெற். "எங்களுக்கு ஸைனம்பு எண்டு ஒருத்தி. வாயெண்டா வாய். ஒரு நாள் என்ட வாளியை எடுத்து எறிஞ்சுபோட்டாள். நான் விட்டனானா? அவட குடத்தைத் தூக்கிக் கக்கூஸ் வாசல்ல வைச்சிட்டு வந்தன்."

"ஐயோ, பிறகு?"

"பிறகென்ன, குடத்தைக் கலிமா சொல்லிக் கழுவித்தான் எடுக்கோணும் எண்டு அவ நிக்கிறா. நான் இந்தப் பக்கம் நிண்டு கத்துறன். முழுத் தோட்டமும் பல்லு விளக்குறதை விட்டுட்டு எங்களைப் பார்க்குது."

கனகேஸ்வரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். பேர்ணடெற்றின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. கைகள் வாளியைத் தூக்கின, இறக்கின. ஐறீனுக்கு நடப்பது விளங்கியது. இரண்டு பேரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு இடத்தில் நிற்கிறார்கள். ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் அம்மா இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

"அப்ப என்ன போட்டனீங்கள்?" என்று கனகேஸ்வரி ஆசையோடு கேட்டாள். "வெங்காயமோ, மிளகாயோ?"

"எங்க போடுறது? இருந்தது ஒரு ரூம். எல்லாரும் படுத்தா ஒராளுக்குக் கால் வாசலுக்கு வெளியில."

கனகேஸ்வரி விளங்காமல் கணவனைப் பார்த்தாள். சவுந்தரநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கொட்டாஞ்சேனையில தோட்டமெண்டா அது வேறை, கனகம்," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சேரி மாதிரி."

"ஓ," என்றாள் கனகேஸ்வரி.

சின்ன ஓ. அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் கதிரையில் சற்றுப் பின்னுக்குச் சாய்ந்தாள். ஒருவரும் கேட்காமலே எல்லாருடைய கோப்பையிலும் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினாள். பேர்ணடெற் தன் கைகளை மடியில் கொண்டுவந்து வைத்தாள். கணவன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, தான்தான் தன் வாயால் கொட்டியிருக்கிறாள் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பேச்சை மாற்றுவதற்காகவே கனகேஸ்வரி ஐறீன் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

"நல்ல காலம் பிள்ளை, இவரிட்டை வந்தது. தோட்டத்தில இருந்து வந்த பிள்ளை திரும்பத் தோட்டத்துக்குப் போகக் கூடாது. எங்கட ஐயா மண்ணோட மாரடிச்சது எங்களைப் படிப்பிச்சு மண்ணில கால் வைக்க விடாமல் அனுப்பத்தானே. பொம்பிளைப் பிள்ளை படிச்சுப்போட்டு மண்வெட்டி பிடிச்சா ஆர் மதிப்பினம்?"

பேர்ணடெற் வீட்டில் சொன்னது இதைத்தான். கிட்டத்தட்ட இதே சொற்கள். அவள் சொன்னபோது அது ஒரு தாயின் பயமாக இருந்தது. இப்போது இன்னொருத்தியின் வாயில் கேட்கும்போது, மகளுடைய பெயருக்குப் பக்கத்தில் யாரோ சாய்வாக ஒரு கோடு இழுத்ததுபோல் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டிருந்த ஐறீனின் வகிட்டை அவள் பார்த்தாள். அது நேராக, வெள்ளையாக, சின்னப் பிள்ளையுடையதுபோல் இருந்தது.

"மதிப்பாங்க," என்றாள் பேர்ணடெற்.

எழும்பி நின்றாள். "சேர், குறை நினைக்காதீங்க. இவ கந்தோருக்கு வரமாட்டா. படிக்கப் போறா."

வலன்ரைன் பாதி எழும்பி, பாதியில் நின்றார்.

"தோட்டத்தில அப்பிடி என்னத்தைப் படிக்கப் போறா?" என்று கேட்டார் சவுந்தரநாயகம். கோபத்தில் அல்ல, குழப்பத்தில்.

"தோட்டக்கலை," என்றாள் பேர்ணடெற். பழைய குரலிலேயே சொன்னாள், பைப்படிக் குரலில். பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப்பார்த்தது. "அது வந்து... மண் எடுத்து... மரம்... காடும் இருக்கு அதில. காட்டில வந்து..."

நின்றுவிட்டாள். மகள் எத்தனையோ முறை சொல்லப் பார்த்திருக்கிறாள். அவள் ஒரு முறையும் கேட்டதில்லை. ஐறீன் உதவிக்கு வாய் திறந்தாள். தாய் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

"அது பெரிய படிப்பு," என்று முடித்தாள்.

*

கேற்றடிவரை சவுந்தரநாயகம் வந்தார். வலன்ரைனிடம், நாளைக்குச் சீமெந்துக் கப்பல் இருக்கிறது, மறக்காமல் வாரும் என்று மட்டும் சொன்னார். சீமெந்துத் தூசியில் நிற்கச் சொல்வது தண்டனையா, வெறும் நினைவூட்டலா என்று வலன்ரைனுக்குப் பிடிபடவில்லை. தெருவில் இறங்கியபோது கனகேஸ்வரி பின்னால் ஓடிவந்தாள். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய்.

"கோவிச்சுக்கொண்டு போகாதேங்கோ. நான் ஒண்டும் நினைச்சுச் சொல்லேல்லை."

பேர்ணடெற் வாங்கிக்கொண்டாள். கனகேஸ்வரி போகாமல் நின்றாள்.

"அந்த ஸைனம்பு பிறகு உங்களோட கதைச்சவவோ?"

"என்ட கலியாணத்துக்குப் புரியாணி அவிச்சதே அவதான்," என்றாள் பேர்ணடெற். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. முழுச் சிரிப்பில்லை, என்றாலும் சிரிப்புத்தான்.

பஸ் எடுக்கக் காலி வீதிப் பக்கம் திரும்ப வேண்டும். பேர்ணடெற் கடல் பக்கம் திரும்பி விறுவிறு என்று நடந்தாள். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். ஒழுங்கை முடிந்து தண்டவாளம் தெரிந்த பிறகுதான் அவள் எங்கே வந்திருக்கிறாள் என்று பார்த்தாள். சரி, ரயிலிலேயே போவோம் என்றார் வலன்ரைன். தண்டவாளத்துக்கு அங்கால் கடல் மத்தியான வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. கல்லில் மோதும் அலையின் தூவானம் ஸ்டேஷன் மேடைவரை வந்தது.

"சீமெந்துக் கப்பலாம்," என்றாள் பேர்ணடெற். "என்னால உங்களுக்கு."

"யாராவது எண்ணத்தானே வேணும்." வலன்ரைன் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கனகாலத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டது, பேர்ணி. பைப்படியில ஒருத்தி கத்துறாளே, யார் அது எண்டு முதல் முதல் எட்டிப் பார்த்தனே, அந்தச் சத்தம். நீ வீட்டை மாத்தினதோட அதையும் அங்கயே விட்டுட்டு வந்துட்டாய் எண்டு நினைச்சிருந்தன்."

"பிள்ளை நிக்குது," என்றாள் அவள். முகம் சிவந்துவிட்டது. முருங்கைக்காய்க் கட்டை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினாள்.

ரயில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட்டம் இல்லை. தாயும் மகளும் ஜன்னலோரம் எதிரெதிராக இருந்தார்கள், வலன்ரைன் மகளுக்குப் பக்கத்தில். முருங்கைக்காய்கள் பழம் கொண்டுபோன பையை விட்டு நீட்டிக்கொண்டு போவோர் வருவோரைக் குத்தின. பம்பலப்பிட்டி வந்தது. பிறகு பேர்ணடெற் சாரித் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"அந்த மனிசிக்கு முன்னால எனக்கு வாயில ஒண்டும் வரல்ல. வெட்கமாப் போச்சு. என்னத்தைத்தான் படிப்பிக்கிறாங்க அங்க? முதல்ல இருந்து சொல்லு."

ஐறீனுக்கு எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. மண்ணிலிருந்து தொடங்கினாள். மண்ணில் புளிப்பு இருக்கும் என்றாள். நாக்கில் வைத்துப் பார்ப்பார்களா என்று தாய் கேட்டாள். இல்லை, அதற்கு ஒரு தாள் இருக்கிறது, தோய்த்தால் நிறம் மாறும் என்றாள். ஒரு மரத்தின் அரும்பை வெட்டி இன்னொரு மரத்தின் தோலுக்குள் செருகிக் கட்டினால் அது ஒட்டிக்கொண்டு வளரும் என்றாள்.

"கட்டினதைப் பிறகு அவிழ்க்கிறதா?"

"ஓம். அவிழ்க்காட்டி நெரிஞ்சு செத்துப்போகும்."

தாய் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். "காட்டியல் எண்டாயே. காட்டை யாரும் நடுவாங்களா? அது தானா வாறதுதானே?"

"வெட்டின இடத்தில நடோணும், மம்மி. இல்லாட்டி மழைக்கு மலை கரைஞ்சு ஆத்தோட வரும். தேக்கு விதை இருக்கு, அதைச் சும்மா ஊண்டினா முளைக்காது. தண்ணியில நனையப் போட்டு, வெயில்ல காயவைச்சு, திரும்ப நனையப் போட்டு, திரும்பக் காயவைச்சு..."

"கருவாடு மாதிரி."

"கருவாட்டை யாரும் திரும்ப நனைப்பாங்களா?"

"நாறிப்போகும்," என்று ஒப்புக்கொண்டாள் பேர்ணடெற். "அங்க அட்டை இருக்குமே? காலில ஏறினா என்ன செய்வ? உப்புக் கட்டித் தாறன், கையில வைச்சிரு. சரி, நனைச்சுக் காயவைச்சு?"

ஐறீன் சொல்லச் சொல்ல வேகம் கூடியது. கைகளால் காட்டத் தொடங்கினாள். விதையை வரிசையாக எப்படி ஊன்றுவது, நாற்றுக்கு எப்போது நிழல் போடுவது, எப்போது அந்த நிழலை எடுத்து வெயிலுக்குப் பழக்குவது. பேர்ணடெற் முழங்காலில் முழங்கையை ஊன்றி, இடைக்கிடை கேள்வி கேட்டு, விளங்காத இடத்தில் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கொள்ளுப்பிட்டி போயிற்று. கடல் மறைந்தது. கட்டடங்கள் வந்தன.

கோட்டை ஸ்டேஷன். கொட்டாஞ்சேனை பஸ்ஸுக்கு அவர்கள் இறங்க வேண்டிய இடம் அதுதான். வலன்ரைன் எழும்பிப் பையை எடுத்தார். கதவுப் பக்கம் ஒரு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"நிழலை ஒரேயடியா எடுக்கிறதா, கொஞ்சம் கொஞ்சமாவா?" என்று பேர்ணடெற் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வலன்ரைன் பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, பழைய இடத்திலேயே இருந்தார். ரயில் மருதானைப் பக்கம் நகர்ந்தது.